சிரிக்கக் கற்ற பிள்ளை சிந்திக்க வேண்டாமா?

எஸ்கிமோக்கள் மூக்கோடு மூக்கு உரசி முத்தமிடுவார்களாம்! ஜப்பான் நாட்டுப் பள்ளியில் பிள்ளைகளே வகுப்பறையைப் பெருக்குவார்களாம்! கொரியாவில் எழுத்துக்கு என்றே ஒரு விடுமுறை நாளாம்! நார்வேயில் நாட்டு விழா ஊர்வலத்தில் பட்டாளத்துக்குப் பதில் பள்ளிப் பிள்ளைகள் நடப்பார்களாம்! வேல்ஸ் நாட்டிலே ஒரு ரயில் நிலையத்தின் பெயருக்கு 58 எழுத்தாம்!

மூச்சு விடாமல் அடுக்குகிறார்கள் நம் பிள்ளைகள். 'உங்களுக்குத் தெரியுமா?' என்ற தலைப்பிலே ஏடுகளில் வரும் துணுக்குகள், வகுப்பறைச் சுவரிலே ஒட்டிய தாள்கள், பொது அறிவுப் போட்டிகள், கைபேசியிலே ஓடும் படங்கள் என்று எங்கும் இவைதாம். பிள்ளைகள் படிக்கிறார்கள், வியக்கிறார்கள், சிரிக்கிறார்கள், அடுத்தவனிடம் ஓடிச் சொல்கிறார்கள்.

மகிழ்கிறோம். மனமார மகிழ்கிறோம். ஆலைச் சங்கு ஊதினால் எழுந்து, அடுத்த சங்கு ஊதினால் வீடு திரும்பிய தலைமுறைக்குப் பக்கத்து ஊரே பரதேசம். பாட்டன் கண்ட உலகம் பத்துக் கல் தொலைவு. பேரன் காணும் உலகமோ பனிக்கடல் வரை! படிப்பு தந்த பரிசு இது. இதைப் பழிப்பவன் பகுத்தறிவுக்குப் பகைவன்.

ஆனால், தோழர்களே, நாம் ஒன்று கேட்கிறோம். துணுக்கு எங்கே தொடங்குகிறது என்பது எல்லோருக்கும் தெரிகிறது. அது எங்கே முடிகிறது? 'அப்படியா!' என்ற வியப்போடு முடிகிறது. 'ஏன் அப்படி?' என்ற கேள்வி பிறப்பதற்கு முன்னாலேயே முற்றுப்புள்ளி விழுந்துவிடுகிறது. அந்த முற்றுப்புள்ளிக்குப் பின்னால் மக்கள் இருக்கிறார்கள். அவர்தம் உழைப்பு இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது, போராட்டம் இருக்கிறது. பிள்ளைக்குக் கிடைப்பதோ வெறும் வேடிக்கை!

மேலே சொன்ன ஐந்து துணுக்குகளையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம்.

58 எழுத்துக்குள்ளே ஒரு மரத்துண்டு

வேல்ஸ் — பிரிட்டன் தீவின் மேற்கு ஓரத்திலே, மலையும் நிலக்கரியும் நிறைந்த சிறு நாடு. அதன் வடமேற்கே ஆங்கிள்சி என்னும் தீவு. அங்கேதான் அந்த ரயில் நிலையம். 'லான்வைர்' என்று தொடங்கி, 'கோகோகோக்' என்று முடிகிற பெயர்! வெள்ளை ஹேசல் மரங்கள் நிற்கும் பள்ளத்தில், விரைந்தோடும் நீர்ச்சுழிக்கு அருகில் உள்ள மேரி கோயில், சிவப்புக் குகையின் டிசிலியோ கோயில் என்று நீளுகிறது அதன் பொருள். 1860-களில், ரயிலில் வரும் பயணிகளைக் கவருவதற்காகவே நீட்டி வைத்த பெயர். விளம்பரம், வேறொன்றுமில்லை! உள்ளூரார் வழங்குவது சுருக்கப் பெயர்தான்.

பயணி சிரிக்கிறான். 'இப்படியும் ஒரு மொழியா!' என்று வாய் கோணிக் கோணிச் சொல்லிப் பார்க்கிறான். பெயர்ப் பலகைக்கு அருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறான். நம் பிள்ளையும் சிரிக்கிறான்.

ஆனால், அந்தப் பெயரை வைத்த அதே 19ஆம் நூற்றாண்டிலே, அதே வேல்ஸ் நாட்டுப் பள்ளிகள் பலவற்றிலே நடந்தது என்ன?

ஒரு மரத்துண்டு. அதிலே 'வெல்ஷ் கூடாது' என்று குறிக்கும் ஆங்கில எழுத்துக்கள். வகுப்பிலே ஒரு பிள்ளை வாய் தவறி, வீட்டிலே தாய் பேசும் வெல்ஷ் மொழியில் ஒரு சொல் பேசிவிட்டால், அந்த மரத்துண்டு அவன் கழுத்திலே தொங்கும். அதை அவன் எப்போது கழற்றலாம்? இன்னொரு பிள்ளை வெல்ஷ் பேசுவதைக் காட்டிக் கொடுக்கும்போது! கழுத்து விட்டுக் கழுத்து மாறும் அந்தக் களங்கம், மாலை மணி அடிக்கும்போது எவன் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்குப் பிரம்படி! பேசியதற்குத் தண்டனை, காட்டிக் கொடுத்ததற்கு விடுதலை. எத்தகைய பாடம், பார்த்தீர்களா? தாய்மொழியை மறப்பதோடு, தோழனை விற்கவும் கற்றுத் தந்த பாடம்!

இது அரசு இயற்றிய சட்டமா? இல்லை. பள்ளிக்குப் பள்ளி தாமாகவே கைக்கொண்ட வழக்கம். பெற்றோர் பலரும் இதற்கு இசைந்தனர் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஏன் இசைந்தனர்? ஆங்கிலம் வந்தால் வேலை வரும், வேலை வந்தால் வறுமை போகும் என்று நம்பினர் அந்த ஏழைப் பெற்றோர். நம் பிள்ளை நம்மைப்போல் கல்லுடைத்துச் சாகக்கூடாது என்ற ஆசை. அந்த ஆசையைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் வராது. அந்த ஆசையைச் சுரண்டி, 'உன் மொழியே உன் வறுமைக்குக் காரணம்' என்று ஓதினார்களே, அவர்களைத்தான் சாடுகிறோம்! 1847-இல் வேல்ஸ் நாட்டுக் கல்வியை ஆராய வந்தவர்கள் மூவர். மூவருக்கும் வெல்ஷ் தெரியாது! நீல அட்டை போட்ட மூன்று பாகங்களாக அறிக்கை தந்தார்கள். அந்த மக்களின் மொழி முன்னேற்றத்துக்குத் தடை என்று எழுதினார்கள், ஒழுக்கத்தையும் இழித்துரைத்தார்கள். 'நீல ஏடுகளின் துரோகம்' என்றே அந்நாட்டு மக்கள் அதை இன்றளவும் அழைக்கிறார்கள்.

அந்த நீண்ட பெயர் நிலையத்துக்குச் சில கல் தொலைவிலே, கடற்காலுக்கு அப்பால், பாங்கர் என்றொரு ஊர். 1884-இல் அங்கே ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி எழுந்தது. பணம் யாருடையது தெரியுமா? செல்வர் தந்தது உண்டு. ஆனால் அந்த வட்டாரத்துப் பலகைக்கல் சுரங்கத் தொழிலாளர்களும் தம் வாரக் கூலியிலிருந்து காசு காசாக எடுத்துத் தந்தார்கள்! வெல்ஷ் பேசியதற்காக இழிக்கப்பட்டவர்கள், தம் பிள்ளைகளுக்காகக் கல்லூரி கட்டினார்கள். அதே பகுதியில்தான், 1900 முதல் 1903 வரை, பென்ரின் சுரங்கத் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக மூன்றாண்டுக் காலம் முதலாளியோடு மோதினார்கள். தெருவெங்கும் சன்னல்களிலே அட்டைகள் தொங்கின, 'இந்த வீட்டில் துரோகி இல்லை' என்று! எந்த மொழியில்? பள்ளியிலே பேசக்கூடாது என்றார்களே, அந்த மொழியில்!

1939-இல் ஆபெரிஸ்ட்வித் ஊரிலே வெல்ஷ் வழியில் கற்பிக்கும் முதல் தொடக்கப்பள்ளி திறந்தார்கள். பிள்ளைகள் எத்தனை பேர்? 7 பேர்! நகைத்தவர்கள் இருந்திருக்கலாம். 2011-இல் அந்த மொழி வேல்ஸில் ஆட்சிமொழித் தகுதி பெற்றது. 2021-இல் எடுத்த கணக்கிலே 5 லட்சத்து 38 ஆயிரம் பேர் வெல்ஷ் பேசுவதாகப் பதிந்திருக்கிறார்கள்.

'வேல்ஸ்' என்ற சொல்லுக்கே 'அயலார்' என்பதுதான் வேர்ப்பொருள். வந்தேறிய ஆங்கிலேயர், சொந்த மண்ணில் இருந்தவர்களுக்கு வைத்த பெயர் 'அயலார்'! அந்த மக்கள் தம் நாட்டை அழைப்பது 'கம்ரி' என்று. அதன் வேர்ப்பொருள் 'ஒரே நாட்டார்'. இதை அறிந்த பிள்ளை அந்த 58 எழுத்தைப் படித்தால், சிரித்துவிட்டுப் போகமாட்டான். சிந்தித்து நிற்பான்.

மூக்கு உரசுகிறார்களாம்!

அடுத்த துணுக்குக்கு வருவோம். 'எஸ்கிமோ' என்கிறோம். வடதுருவப் பகுதியிலே, கனடாவிலும் கிரீன்லாந்திலும் வாழும் அந்த மக்கள் தம்மைத் தாமே அழைத்துக்கொள்வது 'இனுயிட்' என்று. பொருள், 'மக்கள்'. அவ்வளவே! பிறர் வைத்த பெயரைப் பாடமாக்கி, அவர்தம் பெயரைப் பாழாக்குவது முறையா?

மூக்கு உரசுகிறார்களா? இல்லை, தோழர்களே! தாய் தன் குழந்தையின் கன்னத்திலோ நெற்றியிலோ மூக்கையும் மேலுதட்டையும் பதித்து, மூச்சை உள்ளிழுத்து முகர்கிறாள். 'குனிக்' என்று பெயர் அதற்கு. வேடிக்கையாகவா இருக்கிறது? நம் தாய்மார்கள் செய்வது என்ன? வெளியூர் போய் வந்த பிள்ளையை வாரி அணைத்து, உச்சி முகர்கிறார்களே, அது என்ன? பனிக்காட்டுத் தாயும் பனங்காட்டுத் தாயும் பிள்ளையை ஒரே வகையில்தான் கொஞ்சுகிறார்கள்! இதைச் சொல்லிக் கொடுத்தால், நம் பிள்ளை 'நம் ஆத்தாவும் இப்படித்தானே!' என்று நெருங்கிப் போவான். 'மூக்கு உரசுகிறார்களாம்' என்று முடித்தால், விலகி நின்று சிரிப்பான். ஒரு சொல்லில் எவ்வளவு வேறுபாடு!

'பனிக்கட்டி வீட்டிலே வாழ்கிறார்கள்' என்பது அடுத்த துணுக்கு. 'இக்லு' என்றால் அவர்கள் மொழியில் வீடு. பனி வீடு மட்டுமன்று, எந்த வீடும். காற்றால் இறுகிய பனியை அறுத்துக் குவிமாடமாக அடுக்குவது, வேட்டைக்குப் போகும் வழியில் தங்க, குளிர்காலத்தைக் கழிக்கச் சிலர் கண்ட வழி. கிரீன்லாந்தில் பெரும்பாலோர் கல்லாலும் புல்கட்டியாலும் வீடு கட்டினர். இன்றோ அவர்கள் இருப்பது இக்கால வீடுகளிலே!

அந்தப் பனி வீட்டின் அறிவியலைச் சொல்கிறதா துணுக்கு? இறுகிய பனிக்குள்ளே சிறைப்பட்ட காற்று, வெப்பத்தை வெளியே விடாது. நுழைவழியைத் தாழ்வாக வைப்பார்கள், கனத்த குளிர்காற்று அங்கே தேங்கும். படுக்கும் மேடையை உயர்த்துவார்கள், இளஞ்சூடு மேலே தங்கும். கடல்நாய்க் கொழுப்பு எரியும் ஒரு சிறு விளக்கு போதும். சிமெண்டு இல்லை, செங்கல் இல்லை, பொறியியல் பட்டம் இல்லை. எத்துணை நுண்ணறிவு! இதைச் சொல்லாமல், 'பனிக்கட்டியிலே படுக்கிறார்கள், பாவம்' என்று சொல்வது எவ்வளவு பெரிய அநீதி!

இந்த வேடிக்கைப் படத்தை உலகெங்கும் பரப்பியதிலே ஒரு திரைப்படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1922-இல் வந்த 'நானூக் ஆஃப் தி நார்த்'. அதிலே நாயகனாக வந்த இனுயிட் மனிதர் வேட்டைக்குத் துப்பாக்கி வைத்திருந்தவர். படத்துக்காக அவர் கையிலே ஈட்டியைக் கொடுத்தார்கள்! பனி வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை என்று, பாதி வீட்டை மட்டும் கட்டிப் படம் எடுத்தார்கள்! உலகம் அதை உண்மை என்று கைதட்டியது.

படம் பார்த்தவர்களுக்குத் தெரியாதது ஒன்று பின்னர் நடந்தது. 1940-களில் கனடா அரசு, 'இவர்கள் பெயர் எங்கள் பதிவேட்டுக்கு ஒத்துவரவில்லை' என்று ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தது. எண் பொறித்த வட்டத் தகடு, கழுத்திலே தொங்கவிட்டுக்கொள்ள! வேல்ஸிலே கழுத்தில் தொங்கியது மரத்துண்டு. இங்கே கழுத்தில் தொங்கியது தகடு. அங்கே மொழியைப் பறித்தார்கள். இங்கே பெயரையே பறித்தார்கள்.

அதோடு நின்றதா? கனடாவின் தொல்குடிப் பிள்ளைகள் 1 லட்சத்து 50 ஆயிரம் பேருக்கு மேல் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை. நூறாண்டுக்கும் மேல் நடந்தது இது. கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990-களிலேதான்! 2008-இல் கனடாவின் தலைமை அமைச்சர் நாடாளுமன்றத்திலே எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். 1999-இல் இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் 'நூனவுட்' தனி ஆட்சிப் பகுதியாக அமைந்தது. 'நம் நிலம்' என்று பொருள் அந்தப் பெயருக்கு. இது எந்தத் துணுக்கிலாவது வந்திருக்கிறதா?

வேலிக்கு அப்பால் நின்று பார்ப்பது

'அட, பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போகட்டுமே, இதிலென்ன?' என்பார் சிலர். சிரிப்பு எங்கே போய் முடியும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறோம்.

1958-இல், பெல்ஜியத்தின் தலைநகர் பிரசல்ஸிலே உலகப் பொருட்காட்சி. அணுவின் வடிவிலே வானுயர ஒரு கட்டடம், அறிவியல் யுகத்தின் அடையாளமாக! அதே காட்சித் திடலின் ஒரு பக்கத்திலே ஒரு வேலி. வேலிக்குள்ளே குடிசைகள். காங்கோ நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆண்கள், பெண்கள், குழந்தைகள் அங்கே நின்று கைத்தொழில் செய்து காட்டவேண்டும். வெளியே நின்று பார்த்தவர்களில் சிலர் காசை எறிந்தார்கள். சிலர் வாழைப்பழத்தை எறிந்தார்கள். குரங்குக்கு எறிவதுபோல! அந்த இழிவைப் பொறுக்காமல் காங்கோ மக்கள் வெளியேறினார்கள். இரண்டே ஆண்டில், 1960 ஜூன் 30-இல், காங்கோ விடுதலை பெற்றது.

எறிந்தவர்கள் எல்லாம் கொடியவர்களா? குடும்பத்தோடு காட்சி காண வந்த சாதாரண மக்கள். 'ஆப்பிரிக்கா என்றால் வேடிக்கை' என்று இளமையிலே கற்றவர்கள். வேலியை மரத்தால் கட்டுவதற்கு முன், மனத்தில் கட்டிவிட்டார்கள்! அதனால்தான் அஞ்சுகிறோம். நம் பிள்ளை மனத்திலே அந்த வேலி முளைக்கக்கூடாது.

வியப்பும் ஏமாற்றும்

சிரிக்க வைக்கும் துணுக்கு மட்டுமல்ல, வியக்க வைக்கும் துணுக்கும் பாதியிலே நின்றால் பயனில்லை.

ஜப்பான் பிள்ளைகள் வகுப்பறையைத் தாமே பெருக்குகிறார்கள், துடைக்கிறார்கள். உண்மை. வெள்ளை மேலங்கி அணிந்து, மதிய உணவைத் தாமே பரிமாறுகிறார்கள். உண்மை. 'ஆகா, என்ன ஒழுக்கம்!' என்று துணுக்கு முடிகிறது. நாம் கேட்கிறோம், ஒழுக்கம் எதிலே இருக்கிறது? துடைப்பத்திலா? இல்லை! எல்லோர் கையிலும் துடைப்பம் இருக்கிறதே, அதிலே! மருத்துவர் மகனும் பெருக்குகிறான், மீனவர் மகளும் பெருக்குகிறாள். எல்லோரும் பெருக்கினால் அது சமத்துவம். ஒருவனை மட்டும் பெருக்கச் சொன்னால் அது சாதி! குறிப்பிட்ட சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிவறை கழுவ வைத்த கொடுமைகளை நம் நாட்டு நாளேடுகளில் படித்து நெஞ்சு கொதித்திருக்கிறோம். அதைச் செய்த பள்ளியிலும் 'ஜப்பான் பிள்ளைகள்' பற்றிய துணுக்குச் சுவரிலே ஒட்டியிருக்கக்கூடும்!

ஜப்பான் மட்டும் களங்கமற்ற நாடா? அங்கேயும் தோல் பதனிடுவோர், பிணம் அகற்றுவோர் ஆகியோரை ஒதுக்கி வைத்த கொடுமை இருந்தது. 1871-இல் சட்டத்தால் அந்த வேற்றுமையை ஒழித்ததாக அறிவித்தார்கள். ஆனால் மனத்திலிருந்து ஒழியவில்லை. எனவே, 1922-இல் கியோட்டோ நகரிலே அந்த மக்களே கூடி, 'சமமாக்குவோர் சங்கம்' என்று பொருள்படும் 'சுய்ஹெய்ஷா' அமைப்பைத் தொடங்கினார்கள். தீண்டாமை நமக்கு மட்டும் உரிய சாபமன்று, தீண்டாமையை எதிர்க்கும் வீரமும் நமக்கு மட்டும் உரியதன்று என்பதை நம் பிள்ளை அறியவேண்டாமா?

மதிய உணவுக்கும் ஒரு கதை உண்டு. 1889-இல், ஜப்பானின் வடபகுதியிலே சுருவோகா என்னும் ஊரில், உணவு கொண்டுவர வழியில்லாத ஏழைப் பிள்ளைகளுக்காகப் பௌத்தத் துறவிகள் சோற்றுருண்டையும் உப்பு மீனும் தந்தார்கள். அதுதான் தொடக்கம். நம் சென்னையிலே, 1920-இல், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு மதிய உணவு தர வழி செய்தார் தியாகராயர். பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதைக் கண்டறிய, சுருவோகாவுக்கும் சென்னைக்கும் ஒரே அறிவுதான் தேவைப்பட்டது. இரக்கம் என்னும் அறிவு!

எழுத்துக்கு ஏன் விழா?

கொரியாவுக்கு வருவோம். தென்கொரியாவில் அக்டோபர் 9 எழுத்து நாள். விடுமுறை! பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஏன் விழா?

15ஆம் நூற்றாண்டு வரை கொரிய மொழிக்குத் தனி எழுத்து இல்லை. சீன எழுத்தைக் கற்றவன் மட்டுமே எழுதலாம். ஆயிரக்கணக்கான குறிகள்! உழுபவனுக்கு ஏது அதற்கு நேரம்? எனவே, எழுத்து மேட்டுக்குடியின் சொத்து. மன்னர் சேஜோங், மக்கள் தம் மனக்குறையைச் சொல்ல எழுத்தின்றித் தவிக்கிறார்களே என்று 28 எழுத்துக்களை உருவாக்கி 1446-இல் வெளியிட்டார். நாக்கும் உதடும் தொண்டையும் ஒலிக்கும்போது எப்படி அமைகின்றனவோ, அப்படியே மெய்யெழுத்தின் வடிவம்!

அரண்மனை அறிஞர்கள் மகிழ்ந்தார்களா? எதிர்த்தவர்களும் இருந்தார்கள். தனி எழுத்து வைத்துக்கொள்வது காட்டுமிராண்டிகள் வழக்கம் என்று 1444-லேயே மனுக்கொடுத்தார் ஒருவர். உழைப்பவன் படித்துவிட்டால் உட்கார்ந்து உண்பவனுக்கு என்ன மதிப்பு? 1504-இல் கொடுங்கோலன் ஒருவன், தன்னைக் கண்டித்துச் சுவரொட்டிகள் அந்த எழுத்திலே வந்தன என்பதற்காக அதைத் தடை செய்தான். எழுத்து ஏழையின் கைக்கு வந்ததும் அவன் முதலில் செய்தது, அநியாயத்தைக் கண்டித்து எழுதியது! கவனியுங்கள், தோழர்களே. 1894-இல்தான் அரசு ஆவணங்களில் அந்த எழுத்துக்கு இடம் கிடைத்தது.

பின்னர் வந்தது ஜப்பானிய ஆதிக்கம். பள்ளியிலே கொரிய மொழி ஒடுக்கப்பட்டது. 1942-இல், கொரிய மொழி அகராதி தொகுத்துக்கொண்டிருந்த அறிஞர்களைக் கைது செய்தார்கள். இருவர் சிறையிலே மாண்டார்கள். அகராதிக் கைப்படி பறிமுதலானது. விடுதலைக்குப் பின், 1945-இல், அந்தக் கைப்படி சியோல் ரயில் நிலையத்தின் கிடங்கு ஒன்றிலே கிடைத்தது! 1957-இல் அகராதி முழுமையாக அச்சேறி முடிந்தது. சொல்லைத் தொகுத்ததற்காகச் செத்தார்கள் என்றால், அந்த எழுத்துக்கு விழா எடுப்பது வேடிக்கையா? வீரவணக்கம் அல்லவா!

நார்வேயில் மே 17-இல் பள்ளிப் பிள்ளைகள் கொடியேந்தி நடப்பதும் அப்படித்தான். 1814-இல் அரசியல் சட்டம் கண்ட நாள் அது. 1870-இல் தலைநகரிலே சிறுவர் ஊர்வலம் தொடங்கிற்று. சிறுமியர் அதில் சேர 1889 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இட்லரின் படை அந்நாட்டைப் பிடித்திருந்த 1940 முதல் 1945 வரை அந்த விழாவுக்குத் தடை! 1942-இல், பிள்ளைகளுக்கு நாசிப் பாடம் கற்பிக்கமாட்டோம் என்று ஆசிரியர்கள் மறுத்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் கைதானார்கள். நூற்றுக்கணக்கானவர்களை வடகோடிப் பனிப்பகுதிக்கு அனுப்பிக் கடும் வேலை வாங்கினார்கள். ஆசிரியர்கள் பணியவில்லை. இன்று அந்த ஊர்வலத்திலே கொடியசைக்கும் சிறுமியின் பின்னே, அந்த ஆசிரியர்களின் நிழலும் நடக்கிறது!

நம்மைப் பற்றியும் துணுக்கு உண்டு!

பிற நாட்டுப் பிள்ளைகளும் நம்மைப் பற்றித் துணுக்குப் படிக்கிறார்கள். பாம்பாட்டி, யானை, நெற்றிப் பொட்டு! நமக்குச் சினம் வருகிறதல்லவா? 'இவ்வளவுதானா நாம்?' என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அந்தச் சினம் நியாயம். ஆனால் நாம் பிறருக்குச் செய்யாததைத்தான் பிறரிடம் எதிர்பார்க்கலாம்.

'கட்டமரான்' என்று இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகுக்கு மேனாட்டார் பெயர் வைத்திருக்கிறார்கள். அது நம் 'கட்டுமரம்' தந்த சொல். 'தமிழ்ச் சொல் உலகை ஆள்கிறது!' என்று நம் பிள்ளையும் ஒரு துணுக்குச் சொல்லி மகிழ்கிறான். மகிழட்டும். ஆனால், கட்டைகளைக் கயிற்றால் கட்டி, அலையோடு மல்லுக்கட்டிய மீனவனை அந்தத் துணுக்கு நினைவூட்டுகிறதா? 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது அந்தக் கரையோர மக்கள்தானே ஆயிரக்கணக்கில் மாண்டார்கள்? சொல்லுக்குப் பெருமை, சொல்லைத் தந்தவனுக்கு மறதியா?

எனவே நாம் சொல்கிறோம். துணுக்கை ஒழிக்க வேண்டாம், அதைத் தொடர வேண்டும். பிள்ளை ஒரு புதுச் செய்தியோடு ஓடி வந்தால், மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். 'ஏன் அப்படிச் செய்கிறார்கள்?' 'அதற்குப் பாடுபட்டவர் யார்?' 'அவர்களைப் பற்றி அவர்களே என்ன சொல்கிறார்கள்?' விடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். விடை தேடும் வேலையைப் பிள்ளை பார்த்துக்கொள்வான்.

படிப்பகம் நடத்தும் தோழர்களே! தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஒருவர் ஏடு படிக்க, பத்துப் பேர் கேட்டு அறிவு பெற்ற மரபு நம்முடையது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கிரேக்கத்தைப் பற்றியும் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றியும் பேசிய காலம் அது. அவர்களுக்குக் கிடைத்தது துணுக்கன்று, வரலாறு! அந்த விருந்தைப் பேரப் பிள்ளைகளுக்கும் வையுங்கள். வாரத்தில் ஒரு மாலை, படிப்பகத்திலே பிள்ளைகளைக் கூட்டுங்கள். ஒரு நாட்டைச் சொல்லட்டும். ஒரு பழக்கத்தைச் சொல்லட்டும். அதன் காரணத்தையும் சொல்லட்டும். உலைக்கூடத்திலே வேலை செய்பவர் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளியைப் பற்றிப் பேசட்டும். வலை பின்னுகிறவர் இனுயிட் வேட்டைக்காரரைப் பற்றிப் பேசட்டும். உழைப்பை உழைப்பாளிதான் விளக்க முடியும்!

பிறர் வழக்கத்தைக் கண்டு சிரிக்க மட்டும் கற்ற பிள்ளை, நாளை தன் தகப்பன் கையிலே இருக்கும் காய்ப்பைக் கண்டும் சிரிப்பான். தன் பாட்டி பேசும் சொல்லைக் கண்டும் கூசுவான். பிறர் வழக்கத்துக்குக் காரணம் கேட்கக் கற்ற பிள்ளையோ, தன்னை எவன் இழித்தாலும் 'ஏன்?' என்று தலைநிமிர்ந்து கேட்பான்.

எந்தப் பிள்ளை வேண்டும் நமக்கு? அதை முடிவு செய்யும் இடம் நம் வீட்டுத் திண்ணை. முடிவு செய்ய வேண்டியவர்கள், தோழர்களே, நாம்தாம்!